கோதுமையை விட்டால் தைராய்டு குணமாகுமா?

லால்பேட்டையில் எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அம்மையார் சென்ற மாதம் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். நான் அவரை 'லாத்தா' என்று அழைப்பது வழக்கம். தைராய்டு குறைவுக்காக ஐந்தாண்டுகளாக நாள்தோறும் ஒரு மாத்திரை சாப்பிட்டு வருபவர் அவர்.

"தம்பி, நீங்க காலேஜில சயின்ஸ் பாடம் நடத்துறவங்க. இதைப் படிச்சுப் பாத்துச் சொல்லுங்க. கோதுமையை விட்டாலே தைராய்டு சரியாயிடுமாமே! நான் மாத்திரையை நிறுத்திப் பதினஞ்சு நாளாச்சு. சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட் எதையும் தொடுறதில்லை. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "என் மருமகளுக்கும் தைராய்டு இருக்கு. அவ இப்ப முழுகாம இருக்கா. அவளையும் நிறுத்தச் சொல்லலாமான்னு யோசிக்கிறேன்" என்றார்.

நான் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். எந்த மாத்திரையை எவ்வளவு சாப்பிடுவது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒருவர் "இதைச் செய்தால் இது நடக்கும்" என்று சொல்லும்போது அதை எப்படிச் சோதிப்பது என்பது எந்த அறிவியல் மாணவனுக்கும் உரிய கேள்வியாகும். நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். பல குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடும் ஒரு துண்டுத் தாளுக்கும் மதிப்புரை எழுதினால் என்ன?

அந்தத் தாள் சொல்வன நான்கு. ஒன்று: கோதுமையில் உள்ள குளூட்டன் தைராய்டுச் சுரப்பியைப் போன்ற அமைப்புடையது; எனவே உடல் குளூட்டனை எதிர்க்கும்போது தைராய்டையும் சேர்த்துத் தாக்குகிறது. இரண்டு: குளூட்டனை விட்டவர்களுக்கு இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் குறைந்தன என ஆய்வு காட்டியுள்ளது. மூன்று: பலர் சில வாரங்களிலேயே குணமடைந்துள்ளனர். நான்கு: ஆகவே மாத்திரையைப் படிப்படியாக விட்டுவிடலாம். இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

குளூட்டனும் தைராய்டும்

குளூட்டனைக் காண ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு பிடி மைதா மாவைப் பிசைந்து, தண்ணீரில் அமிழ்த்திக் கசக்கிக் கழுவிக்கொண்டே இருங்கள். மாவுப்பொருள் பால்போல் கரைந்து வெளியேறும். கடைசியில் ரப்பர் போன்ற ஒரு பசை கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன் என்னும் புரதக் கலவை. பரோட்டா மாஸ்டர் மாவை விசிறித் துணிபோல் விரிக்க முடிவது இதனால்தான். அரிசி மாவை அப்படி விரிக்க முடியாது; அரிசியில் இந்தப் பசை இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இவ்வகைப் புரதங்கள் உள்ளன.

தைராய்டு, கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்த சுரப்பி. இது சுரக்கும் முதன்மையான ஹார்மோனின் பெயர் தைராக்சின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அயோடினே. உடலின் வளர்சிதை மாற்ற வேகத்தை நிர்ணயிப்பது இந்த ஹார்மோன். இது குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுதல், முடி உதிர்தல், மாதவிடாய்க் கோளாறு முதலியன தோன்றும்.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, இஸ்திரிப் பெட்டியில் உள்ள தெர்மோஸ்டாட் போல இதைக் கண்காணிக்கிறது. தைராக்சின் குறைந்தால் அது டி.எஸ்.எச். என்னும் தூண்டு ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, "இன்னும் வேலை செய்" என்று தைராய்டை முடுக்குகிறது. ஆகவே இரத்தத்தில் டி.எஸ்.எச். உயர்ந்திருந்தால் பெரும்பாலும் தைராய்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் இந்நோய்க்கு முதன்மையான காரணம் ஒரு தன்னெதிர்ப்பு நோய். உடலின் காவற்படையே தைராய்டைப் பகையாகக் கருதித் தாக்கி அழிக்கிறது. 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ முதன்முதலில் விவரித்ததால் இது அவர் பெயரால் வழங்குகிறது.

முதல் வாதம்: "இரண்டும் ஒன்று போல இருக்கின்றன"

இரண்டு பொருள்கள் ஒன்று போல இருப்பதால் உடல் ஏமாறக்கூடும் என்பது அறிவியலில் இடமுள்ள ஊகமே. ஆனால் ஊகம் வேறு, மெய்ப்பிக்கப்பட்ட உண்மை வேறு. ஊகம் சரியானால் அதிலிருந்து என்ன விளைய வேண்டும் என்று கேட்டு, அது உலகில் காணப்படுகிறதா என்று பார்ப்பதே நம் வழி.

குளூட்டன்தான் தைராய்டைக் கெடுக்கிறது எனக் கொள்வோம். அப்படியானால் கோதுமை மிகுதியாக உண்ணும் இடங்களில் தைராய்டு குறைவு மிகுதியாகவும், அரிசி உண்ணும் இடங்களில் அரிதாகவும் இருக்க வேண்டும் அல்லவா? நம் நாடு இதற்கு இயற்கையே அமைத்துத் தந்த ஓர் ஆய்வுக்கூடம். வடக்கே ரொட்டி, தெற்கிலும் கிழக்கிலும் சோறு.

2013இல் வெளியான ஓர் ஆய்வு சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா உள்ளிட்ட எட்டு நகரங்களில் 5,000க்கும் மேற்பட்ட வயது வந்தோரின் இரத்தத்தைச் சோதித்தது. ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. இவ்வெட்டு நகரங்களில் முதலிடம் பெற்றது எது? சோறும் மீனும் உண்ணும் கொல்கத்தா. அங்கே 21 சதவீதத்துக்கும் மேல்!

இதற்கு இணையாக மற்றோர் ஆய்வைப் பாருங்கள். குளூட்டனால் உண்மையிலேயே உண்டாகும் ஒரு நோய் உள்ளது. அது சீலியாக் நோய். இந்நோயாளிகளுக்குக் குளூட்டன் பட்டால் சிறுகுடலின் உட்சுவர் அழற்சியுற்று, சத்துகளை உறிஞ்சும் விரலிகள் தேய்ந்துவிடுகின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களும் பங்குகொண்டு, 2016இல் வெளியான ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேர் சோதிக்கப்பட்டனர். சீலியாக் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதத்தினரிடம் இருந்தது, தெற்கே 0.10 சதவீதத்தினரிடம் மட்டுமே. பன்னிரண்டில் ஒரு பங்கு!

நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் தெற்கே குறைவோ என்றால், அதுவும் இல்லை. வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4 சதவீதம். ஏறத்தாழச் சமம். பெரிதும் வேறுபட்டது உணவுதான். வடக்கே நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை. தெற்கே 25 கிராம்.

குளூட்டனால் வரும் நோய் கோதுமையின் பின்னாலேயே செல்கிறது. தைராய்டு குறைவோ அப்படிச் செல்லவில்லை. ஊர்களின் சராசரியைக் கொண்டு தனி ஒருவரின் நோய்க்குக் காரணம் கூற முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நகரங்களுக்கிடையே உணவைத் தவிர வேறு வேறுபாடுகளும் உண்டு. ஆயினும், துண்டுத் தாளின் ஊகம் முதல் சோதனையிலேயே தடுமாறுகிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, நோன்புக் காலத்தில் அரிசிக் கஞ்சி என்று வாழும் வீராணம் ஏரிக்கரை மக்களுக்கு வந்த தைராய்டுக் குறைவுக்குக் கோதுமையைக் குற்றவாளியாக நிறுத்துவது எளிதன்று.

இரண்டாம் வாதம்: "ஆய்வு காட்டியுள்ளது"

ஆய்வு உண்மையில் நடந்ததுதான். போலந்து நாட்டில் நடந்த ஒன்று 2019இல் வெளியாயிற்று. ஹஷிமோட்டோ நோயுள்ள, மருந்து ஏதும் எடுக்காத 34 பெண்கள். அவர்களில் 16 பேர் ஆறு மாதம் குளூட்டனை விலக்கினர். 18 பேர் வழக்கம்போல் உண்டனர். முடிவில், விலக்கியவர்களிடம் தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் குறைந்திருந்தது. இதைத்தான் துண்டுத் தாள் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது.

அது அச்சிடாமல் விட்டது இது: அதே ஆய்வில் டி.எஸ்.எச். அளவும் தைராய்டு ஹார்மோன் அளவும் மாறவில்லை. எதிர்ப்பொருள் குறைவது நல்ல அறிகுறியாக இருக்கலாம்; அடுத்த ஆய்வுக்குத் தூண்டுகோலாகவும் அமையலாம். ஆனால் நோயாளிக்கு வேண்டியது ஹார்மோன். மேலும், 34 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. தாம் என்ன உண்கிறோம் என்பதும் அப்பெண்கள் அனைவருக்கும் தெரியும். அவ்வாய்வை நடத்தியவர்களே அதை ஒரு முன்னோட்ட ஆய்வு என்றுதான் குறிப்பிட்டனர். விதையைக் காட்டி அறுவடை என்று கூவுவது துண்டுத் தாளின் பிழை.

உணவுக்கும் தைராய்டுக்கும் உள்ள தொடர்பை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சிறந்த முன்மாதிரி உண்டு. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் முன்கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. 1956இல் வி. ராமலிங்கசாமியும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த அப்பகுதியை மூன்று மண்டலங்களாகப் பிரித்தனர். இரண்டு மண்டலங்களுக்கு அயோடின் சேர்த்த உப்பு. நடுவிலுள்ள ஒன்றுக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு பெற்ற மண்டலங்களில் கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சாதாரண உப்பு மண்டலத்தில் குறையவே இல்லை. பின்னர் அம்மண்டலத்துக்கும் அயோடின் உப்பு தரப்பட்டது. அங்கும் கழலை குறைந்தது.

ஒப்பிட ஒரு பகுதி, போதிய மக்கள், போதிய காலம், பிறகு மறு சோதனை. இத்தகைய சான்றின் மேல்தான் 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் எழுந்தது. குளூட்டன் கருத்துக்கு இத்தகைய சான்று இன்னும் கிடைக்கவில்லை.

மூன்றாம் வாதம்: "பலர் குணமடைந்துள்ளனர்"

இதுதான் மக்களை மிகுதியும் கவரும் வாதம். லாத்தாவும் இதற்குத் தம்மையே சாட்சியாக நிறுத்தினார். பதினைந்து நாளாக மாத்திரை இல்லை. ஆயினும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கண்ணால் கண்டதை மறுக்க முடியுமா?

இங்கேதான் நான் கற்பிக்கும் பாடம் எனக்குக் கைகொடுத்தது. கதிரியக்கம் பற்றிப் படிக்கும்போது அரை ஆயுட்காலம் என்று ஒன்றைப் படிக்கிறோம். ஒரு பொருள் பாதியாகக் குறைய ஆகும் காலம் அது. உடலிலுள்ள தைராக்சினுக்கும் இத்தகைய ஒரு காலம் உண்டு. அது சுமார் 7 நாள். மாத்திரையை நிறுத்திய அன்று அதன் மூலம் உடலில் சேர்ந்திருந்த தைராக்சின் 100 பங்கு எனக் கொண்டால், 7 நாளில் 50, 14 நாளில் 25, 21 நாளில் 12.5, 28 நாளில் சுமார் 6 பங்கு மிஞ்சும். தைராய்டு குறைந்தவர்களின் உடலில் இது இன்னும் சற்று மெதுவாகவே தேயும்.

நம் ஊருக்குத் தெரிந்த உவமை ஒன்று சொல்கிறேன். கீழணையிலிருந்து வடவாறு வழியே வரும் தண்ணீரை அடைத்துவிட்டால் வீராணம் ஏரி அன்றே வறண்டுவிடுமா? இல்லை. தேங்கிய நீர் மதகுகள் வழியாக வயலுக்கு மேலும் பல நாள் பாயும். பயிரைப் பார்ப்பவனுக்கு ஒரு குறையும் தெரியாது. "வடவாறு தேவையே இல்லை" என்று அவன் முடிவு செய்தால் எப்படி இருக்கும்?

லாத்தா பதினைந்தாம் நாளில் நலமாக இருந்தது கோதுமையை விட்டதால் அன்று. முன்பு விழுங்கிய மாத்திரைகளின் சேமிப்பு இன்னும் தீராததால். அவருடைய சுரப்பியில் எஞ்சியிருக்கும் சிறிது சக்தியும் துணை நின்றிருக்கும். சேமிப்பு தீர்ந்து, டி.எஸ்.எச். ஏறி, சோர்வு மெல்ல வருவதற்குள் மேலும் பல வாரங்கள் ஆகும். அப்போது அவர் அச்சோர்வை வயதின் மேலும், வெயிலின் மேலும், வீட்டு வேலையின் மேலும் போட்டிருப்பார். மாத்திரையின் அளவை மாற்றினால் ஆறு வாரம் போல் கழித்தே மருத்துவர்கள் மறுபடி இரத்தம் எடுப்பதற்கும் காரணம் இதுவே.

வேறு இரண்டு பொறிகளும் உண்டு. டி.எஸ்.எச். அளவு நாள் முழுவதும் ஒன்றாக இராது; இரவில் உயர்ந்தும் பிற்பகலில் தாழ்ந்தும் இருக்கும். ஒருமுறை அதிகாலையிலும் மறுமுறை பிற்பகலிலும் இரத்தம் கொடுத்தால், உணவு எதையும் மாற்றாமலே எண் மாறும். மற்றது, பரோட்டாவையும் பிஸ்கட்டையும் நிறுத்தினால் எண்ணெயும் சர்க்கரையும் உடன் குறைகின்றன. உடல் இலேசாகத் தோன்றும். அது நன்மையே. ஆனால் அந்த நன்மைக்கும் தைராய்டுக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

துண்டுத் தாளில் உள்ள உண்மை

ஒருதலையாக எழுதுவது விமர்சனம் ஆகாது. துண்டுத் தாளில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. தன்னெதிர்ப்பு நோய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வரும் இயல்புடையன. ஹஷிமோட்டோ நோயுள்ளவர்களில் சிலருக்குச் சீலியாக் நோயும் இருக்கும். அவர்களுக்குச் சிறுகுடல் தேய்ந்திருப்பதால் மாத்திரையும் சரிவர உறிஞ்சப்படாது. எவ்வளவு கொடுத்தாலும் டி.எஸ்.எச். இறங்காது. இவர்கள் குளூட்டனை விலக்கினால் குடல் தேறும். சிறிய அளவு மாத்திரையே போதுமானதாகலாம். டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1950இல் வெளியிட்ட ஆய்வேட்டில் கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவினார். அன்று முதல் சீலியாக் நோய்க்கு வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே சிகிச்சை.

எனவே நீங்காத வயிற்றுப்போக்கு, எடை இழப்பு, இரும்புச்சத்து மாத்திரைக்கும் அடங்காத இரத்தசோகை, மாத்திரையைக் கூட்டியும் இறங்காத டி.எஸ்.எச். ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் சீலியாக் சோதனை பற்றிக் கேட்பது முறையே. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். கோதுமையை முன்பே விட்டுவிட்டுச் சோதனைக்குப் போனால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். முதலில் சோதனை, பிறகே பத்தியம். துண்டுத் தாள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது.

நான்காம் வாதம்: "மாத்திரையை விட்டுவிடலாம்"

முதல் மூன்றும் தவறினால் ஏற்படுவது சிறு நட்டம். நான்காவதில்தான் ஆபத்து இருக்கிறது. 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், கடுமையான தைராய்டு குறைவால் வாடிய ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைக் கொடுத்தார். அப்பெண்மணி அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அன்று ஆட்டின் சுரப்பியிலிருந்து எடுத்த அதே ஹார்மோனே இன்று தூய வடிவில் சிறு மாத்திரையாகக் கிடைக்கிறது. இது உடலுக்குப் புதிய பொருளன்று. உடல் செய்யத் தவறியதை நாம் ஈடு செய்கிறோம், அவ்வளவே.

கருவுற்ற பெண்ணுக்கு இது இருவரின் பிரச்சினை. முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் தைராய்டு வேலை செய்யத் தொடங்கியிராது. அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஹார்மோன் தாயிடமிருந்தே செல்ல வேண்டும். இக்காலத்தில் பெரும்பாலோருக்கு மாத்திரையின் அளவைக் கூட்ட நேரிடுகிறது. அப்படியிருக்க, அந்த மருமகளை நிறுத்தச் சொல்வதா?

மாத்திரை பலிக்கவில்லை என்று குறைப்படுவோர் பலர் உண்மையில் அதை உண்ணும் முறையில் தவறுகின்றனர். வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியோ பலகாரமோ கொள்ள வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. கோதுமைக்குப் பதில் சோயா மாவு என்று துண்டுத் தாள் பரிந்துரைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மாத்திரை உறிஞ்சப்படுவதைத் தடுக்கக்கூடியவற்றுள் சோயாவும் ஒன்று!

"நோன்பு மாசத்தில வெறும் வயித்துக்கு எங்கே போறது?" என்று லாத்தா கேட்டார். நல்ல கேள்வி. இரவு படுக்கும்போது விழுங்குவதும் காலையில் விழுங்குவதற்குக் குறைந்ததன்று என 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. கடைசி உணவுக்குப் பின் மூன்று மணி நேரம் போல் இடைவெளி வேண்டும். எந்த நேரம் பொருந்தும் என்பதை நோன்பு தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம்.

உணவில் கவனம் செலுத்த விரும்புவோருக்கு நம் மாநிலத்தில் வேறொரு வேலை காத்திருக்கிறது. 2018-19இல் எடுத்த அகில இந்திய அயோடின் கணக்கெடுப்பின்படி, போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் நாடு முழுவதும் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம் மட்டுமே. அனைத்து மாநிலங்களிலும் நாமே கடைசி. ஹஷிமோட்டோ நோயை அயோடின் உப்பு குணப்படுத்தாது. அளவுக்கு மிஞ்சிய அயோடினும் கெடுதியே. ஆனால் சமையலறையில் உள்ள உப்பு அயோடின் கலந்ததா என்று பார்ப்பது, பிஸ்கட் உறையில் குளூட்டனைத் தேடுவதைவிடப் பயனுள்ளது.

லாத்தாவிடம் இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒரு தாளில் 100, 50, 25 என்று எழுதிக் காட்டினேன். வீராணத்தைச் சொன்னேன். சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்ப நான் பழைய தண்ணியிலதான் ஓடிக்கிட்டிருக்கேனா?" என்றார். மறுநாளே மருமகளையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனார். மருத்துவர் இருவருக்கும் இரத்தம் சோதித்து, லாத்தாவை மாத்திரையை மீண்டும் தொடங்கச் சொன்னார். மருமகளுக்கு அளவைச் சற்றுக் கூட்டினார். சப்பாத்தியை என்ன செய்வது என்று லாத்தா கேட்டதற்கு, "பிடித்தால் சாப்பிடுங்கள்" என்றாராம்.

வாசகர்களே, இத்தகைய துண்டுத் தாள் நாளை உங்கள் கைக்கும் வரலாம். கோதுமைக்குப் பதில் வேறொரு பொருளின் பெயர் அதில் இருக்கலாம். அப்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? விலக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா? மாறியது நோயா, நோயின் ஓர் அடையாளமா? நலம் தெரிந்த அந்நாட்களில் பழைய மருந்து உடலில் இன்னும் மிஞ்சியிருந்ததா? இந்நான்குக்கும் விடை கிடைக்கும்வரை மாத்திரைப் புட்டி அலமாரியில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.